சத்தம் வராத இரண்டாம் வகுப்பு

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளை நல்ல குடிமக்களாக ஆக்குவது எப்படி என்று பயிற்சியில் உங்களுக்கு நிறையச் சொல்லியிருப்பார்கள். வரிசையில் நில், குப்பையைத் தொட்டியில் போடு, பெரியவர்களுக்கு வணக்கம் சொல், நாட்டுப்பண் பாடும்போது ஆடாமல் நில். நானும் பணிக்காலம் முழுக்க அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். பாடக்குறிப்பு எழுதுவது எப்படி, அதிகாரி வந்தால் எந்தச் சுவரில் எந்தச் சார்ட்டை மாட்டுவது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதை உங்கள் செல்போனே சொல்லிவிடும். ஒரே ஒரு காலை வேளையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பேய்க்கதை என்று நினைத்துக்கொண்டு கேட்டாலும் எனக்கு வருத்தமில்லை. என் சொந்த மகளே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் என்னை மாற்றுப் பணியாக பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு தொடக்கப்பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டாம் வகுப்பு ஆசிரியை பிரசவ விடுமுறையில் போயிருந்தார். என் வீடு இருக்கும் ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினால் நெசவாளர் தெரு. அந்தத் தெருவின் கோடியில் பள்ளிக்கூடம். தலைமையாசிரியர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். மனிதருக்கு முகமெல்லாம் பெருமை.

"நீங்க கொடுத்து வெச்சவங்க டீச்சர். அந்த கிளாஸ்ல உங்களுக்கு வேலையே இல்லை. ஊசி விழுந்தா கேக்கும். இந்த வட்டாரத்துலயே அப்படி ஒரு கிளாஸ் கிடையாது. ஒரு பிள்ளை பொய் பேசாது" என்றார்.

உள்ளே நுழைந்தேன். ஏழு வயதுப் பிள்ளைகள் அத்தனை பேரும் கையைக் கட்டி, ஒற்றை விரலை உதட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள். ஒரே சமயத்தில் உட்கார்ந்தார்கள். இரண்டாம் வகுப்பு என்றால் எனக்குத் தெரிந்தது வேறு. ஒருத்தன் மூக்கை நோண்டுவான், ஒருத்தி பக்கத்துப் பெண்ணின் ரிப்பனை அவிழ்ப்பாள், நாலு பேர் ஒரே நேரத்தில் ஒண்ணுக்குப் போகவேண்டும் என்பார்கள். இங்கே யாருடைய பென்சிலோ உருண்டு கீழே விழுந்தது. ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

எனக்குச் சங்கடமாகப் போயிற்று. கலகலப்பாக்கலாம் என்று என் பழைய பூனை ஜோக்கைச் சொன்னேன். எத்தனையோ வகுப்புகளைப் புரட்டிப் போட்ட ஜோக். அத்தனை கண்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

"சிரிக்கலாம்பா" என்றேன்.

சிரித்தார்கள். எல்லோரும் சேர்ந்து சிரித்து, எல்லோரும் சேர்ந்து நிறுத்தினார்கள்.

சுவரில் அந்த ஆசிரியை தன் கையால் எழுதி ஒட்டிய சார்ட் இருந்தது. மேலே 'நல்ல குடிமகன்' என்று வண்ண எழுத்து. கீழே: கேட்டால் மட்டும் பேசுவான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான். கோள் சொல்லமாட்டான். சத்தம் போடமாட்டான். பொய் சொல்லமாட்டான். அவரைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். அவர் வருவதற்கு முன்னால் அந்த வகுப்பு சந்தைக்கடையாக இருந்ததாம், நாள் முழுக்க அவன் கிள்ளினான் இவள் துப்பினாள் என்ற பஞ்சாயத்துதானாம். பிள்ளைகள் மேல் கை வைக்காமல், குரலை உயர்த்தாமல், அன்பாகப் பேசியே இதைச் சாதித்திருக்கிறார். அவருடைய இடத்தில் நீங்களோ நானோ இருந்தால் அதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வோம்.

மறுநாள்தான் அந்தக் காலை.

பள்ளி வாசலை நெருங்கும்போதே சந்தில் ஒரு மண் வெட்டும் எந்திரம், நீங்கள் ஜேசிபி என்பீர்களே, அது நின்றுகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு பழைய தறிக் கொட்டகை. என் வகுப்பின் பின்சுவரும் கொட்டகையின் சுவரும் ஒன்றுதான். அது மூடிக் கிடந்து பல வருடம் ஆகிறதாம். கடைசியாக அங்கே நெய்த பெரியவர் தறியில் உட்கார்ந்தபடியே உயிரை விட்டாராம், அதற்குப் பிறகு யாரும் அங்கே தறி போடவில்லையாம். இப்போது ஒரு பட்டுக்கடைக்காரர் வாங்கியிருக்கிறார், வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று இடிக்கிறார் என்று தலைமையாசிரியர் முந்தின நாளே சொல்லியிருந்தார். சந்தில் உடைத்த பூசணிக்காயும் குங்குமமும் எரிந்த கற்பூரமும் கிடந்தன. நான் புடவையைத் தூக்கிக்கொண்டு தாண்டி வந்தேன்.

வகுப்புக்குப் போய் வருகைப் பதிவை ஆரம்பித்தேன். இப்போது அது செல்போனில்தானே, பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தட்டிக்கொண்டே போகவேண்டும். மற்றப் பள்ளிகளில் பிள்ளைகள் 'பிரசன்ட் மிஸ்' என்பார்கள். இங்கே அந்த ஆசிரியை நம் பழைய வழக்கப்படி 'உள்ளேன் அம்மா' என்று சொல்லப் பழக்கியிருந்தார். ஒவ்வொன்றும் எழுந்து நின்று 'உள்ளேன் அம்மா' என்று சொல்லிவிட்டு உட்காரும். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"ரேவதி" என்று கூப்பிட்டேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை. ஆனால் வகுப்பு முழுவதும், உட்கார்ந்தபடியே, ஒரே குரலில், மெதுவாகச் சொன்னது:

"உள்ளே அம்மா."

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் 'உள்ளேன்' என்பதில் கடைசி எழுத்தை விழுங்குவது சகஜம். எனக்குக் காதில் விழுந்தது 'உள்ளேன் அம்மா'தான். ரேவதி உட்காரும் இடம் காலியாக இருக்கிறது, வகுப்பே சேர்ந்து அவளுக்காகப் பொய் ஆஜர் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்கூட வந்தது, அப்பாடா, இதுகளும் குறும்பு செய்கின்றனவே என்று. செல்போனைக் கீழே வைத்துவிட்டு, வராத பிள்ளைக்காக இன்னொருத்தர் ஆஜர் சொல்வது ஏமாற்று வேலை, நாளைக்குப் பெரியவர்களானால் கள்ள ஓட்டுப் போடுவதும் இதே மாதிரிதான் என்று ஒரு பிரசங்கத்தை ஆரம்பித்தேன்.

பாதிப் பிரசங்கத்தில் நிறுத்தினேன். பிள்ளைகளின் முகம் சரியில்லை. தப்புச் செய்து மாட்டிக்கொண்ட முகம் எனக்குத் தெரியும். இது அதுவல்ல. ஒவ்வொரு முகமும் வெளுத்துப் போய், கண்கள் என் மேலேயே குத்திட்டு, ஏதோ ஒன்றுக்காகக் காத்திருந்தன. முன்வரிசையில் ஒரு பெண்ணுக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட அவள் விரலை உதட்டிலிருந்து எடுக்கவில்லை.

அப்போதுதான் ரேவதியின் இடத்தில் அவளுடைய பை இருப்பதைப் பார்த்தேன்.

"ரேவதி இன்னிக்கு வந்தாளா?" என்று கேட்டேன்.

"வந்தா மிஸ்."

"வீட்டுக்குப் போயிட்டாளா?"

"இல்ல மிஸ்."

"அப்போ எங்கே?"

"உள்ளே மிஸ்."

"எதுக்குள்ளே?"

அத்தனை கைகளும் உயர்ந்தன. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தபடியே, தோளுக்கு மேலாகக் கையை வளைத்து, தங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினார்கள்.

அந்த நிசப்தத்தில்தான் எனக்குக் கேட்டது. தடக்... தடக்... தடக். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, நிதானமாக, விட்டுவிட்டு. நான் வகுப்புக்குள் வந்ததிலிருந்து அது கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது. தறிச் சத்தம். நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நெசவாளர் தெருவில் சத்தம் கேட்டு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. சத்தம் நின்றுபோனால்தான் என்ன ஆச்சு என்று எட்டிப் பார்ப்பார்கள். நானும் அந்த ஊர்க்காதோடுதான் உள்ளே வந்திருந்தேன். பல வருடமாகத் தறி ஓடாத கொட்டகையில் தறிச் சத்தம் ஏன் வரவேண்டும் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

சந்தில் எந்திரம் உறுமத் தொடங்கியது.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். அந்த நிமிடம் எனக்கு இரண்டு வழி இருந்தது. பிள்ளைகளை விசாரித்து, எப்போது போனாள், யார் பார்த்தது, நிஜம்தானா என்று உறுதி செய்துகொண்டு போவது ஒன்று. நம் வேலையில் அதுதான் பழக்கம், எதையும் விசாரித்துவிட்டுத்தான் நம்புவோம். நான் அதைச் செய்யவில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் செருப்புகூடப் போடாமல் சந்துக்கு ஓடினேன். தப்பாக இருந்தால் என் மானம் போகும், அவ்வளவுதான்.

கொட்டகைக் கதவில் பூட்டுத் தொங்கியது. பக்கத்துச் சுவரில் ஜன்னலைப் பெயர்த்து எடுத்த ஓட்டை ஒன்று இருந்தது. அதை அடைத்தாற்போல் பழைய கதவு, நிலை, மரச்சட்டம் எல்லாவற்றையும் சாய்த்து அடுக்கி வைத்திருந்தார்கள். எந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. டிரைவர் இறங்கி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி என்னைப் பார்த்துக் கையை வீசினார்.

"யம்மா, இந்தாண்ட வராதீங்க. செவுத்த தட்டப் போறோம், தூசு அடிக்கும்."

"உள்ள என் கிளாஸ் பொண்ணு இருக்குது. கதவைத் திறங்க."

"உள்ள யாரும் இல்லமா. விடியக்காலைல நானே பூந்து பாத்துட்டுதான் பூட்டினேன்."

"சத்தம் கேக்கலையா உங்களுக்கு?"

மேஸ்திரியும் டிரைவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டிரைவர் டீக் கிளாஸைக் கீழே வைத்தார். குரல் தணிந்துவிட்டது.

"கேக்குதுமா. பூசணிக்கா உடைக்கும்போதே கேட்டுச்சு. அந்தப் பெரியவரு இன்னும் போவல. நெய்ஞ்சிக்கினு கீறாரு. அதான் வெயில் ஏறதுக்குள்ள சட்டுனு இடிச்சிட்டுப் போயிடலாம்னு பாக்குறோம்."

உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிகிறது, அவர்களுக்கும் தெரிகிறது. எனக்குத் தெரிந்ததால் நிறுத்தச் சொல்கிறேன். அவர்களுக்குத் தெரிந்ததால் வேகமாக இடிக்கப் பார்க்கிறார்கள். அந்த மனிதர்களிடம் வாதம் செய்து ஜெயிக்க நேரமில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எந்திரத்தின் படியில் ஏறினேன். சாவியைத் திருகிப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினேன். எஞ்சின் அடங்கியது. ஓய்வு பெறும் வயதில் இருக்கும் டீச்சர் ஜேசிபி சாவியோடு நிற்பதைப் பார்க்கத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

தலைமையாசிரியர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "என்ன டீச்சர் இது? எல்லாரும் வேடிக்கை பாக்கறாங்க!"

"ரேவதி உள்ள இருக்கா சார்."

"யார் சொன்னது?"

"கிளாஸ் சொல்லிச்சு."

"பசங்க பேச்ச கேட்டுக்கினு நீங்க..."

"நீங்கதானே சார் சொன்னீங்க, இந்த கிளாஸ் பொய் பேசாதுன்னு. அப்போ அது அதிகாரிகிட்ட சொல்றதுக்கு மட்டும்தானா?"

அவர் மேஸ்திரி பக்கம் திரும்பி, "திறய்யா" என்றார். நல்ல மனிதர். அவர் போட்ட அந்த ஒரு அதட்டலுக்காக அவரை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

கதவு திறந்தது. உள்ளே இருட்டு, தூசு, பழைய மரத்தின் வாசனை. வரிசையாகத் தறிக்குழிகள், மேலே பாதி உடைந்த தறிகள். நாங்கள் உள்ளே கால் வைத்ததும் அந்தத் தடக் தடக் நின்றுவிட்டது. கடைசியில், என் வகுப்பின் சுவரை ஒட்டி, ரேவதி நின்றுகொண்டிருந்தாள்.

சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, ஒற்றை விரலை உதட்டில் வைத்துக்கொண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய வகுப்பு உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியும். வகுப்பு நடக்கும்போது எப்படி இருக்கவேண்டுமோ அப்படி இருந்தாள்.

நான் போய்த் தோளைத் தொட்டேன். பிள்ளை திரும்பினாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, சின்னக் குரலில் சொன்னாள்:

"பேர் கூப்டப்போ நானும் உள்ளேன் அம்மா சொன்னேன் மிஸ். உங்களுக்குக் கேக்கல."

பெரியவர்கள் அழக்கூடாது என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. நான் அங்கேயே அழுதேன்.

வெளியே தூக்கிக்கொண்டு வந்தேன். தெரு ஜனம் சூழ்ந்துகொண்டது. பயம் தெளிந்தவுடன் நம்மவர்களுக்குக் கோபம் வருமே, அந்தக் கோபம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தது.

"உன்ன யாரு உள்ள போவச் சொன்னது?" என்றார் மேஸ்திரி.

"யாரும் சொல்லல."

"இது வெளாடுற எடமா?" என்றார் தலைமையாசிரியர்.

"இல்ல சார்."

"செத்திருப்ப, தெரியுமா?" என்றாள் யாரோ ஒரு அம்மாள்.

"தெரியும்."

நான்கூட ஒரு கேள்வி கேட்டேன். "அடிபட்டுச்சா கண்ணு?" இல்ல மிஸ் என்றாள். ஒவ்வொரு கேள்விக்கும் நேராகப் பதில் சொன்னாள், அதோடு நிறுத்திக்கொண்டாள். சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது என்பது அவள் கண்ணில் தெரிந்திருக்கவேண்டும். நாங்கள் எல்லோரும் அவளைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் திட்டிக்கொண்டிருந்தோம்.

டிரைவர் சாவிக்குக் கையை நீட்டினார். இனி என்ன, பெண் கிடைத்துவிட்டாள். கொடுத்துவிட்டேன். அவர் ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் உறுமியது. எந்திரத்தின் கை மெதுவாகத் தூக்கிக்கொண்டது. நான் ரேவதியை அழைத்துக்கொண்டு பள்ளிப் பக்கம் திரும்பினேன்.

என் வகுப்பின் ஜன்னல் அந்தச் சந்துப் பக்கம் பார்த்து இருந்தது. கம்பிகளுக்குப் பின்னால் பிள்ளைகள் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தர் வாயிலும் சத்தமில்லை. இடது கை விரல் உதட்டில். வலது கையை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டி, கொட்டகையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வகுப்பை விட்டு ஓடுவதற்கு முன்பே உயர்ந்த அதே கைகள். ரேவதி என் பக்கத்தில் நிற்கிறாள், அவர்கள் கண்ணெதிரே நிற்கிறாள், கைகள் இறங்கவில்லை.

இத்தனை வருட வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே புத்தி அந்த நொடியில்தான் வந்தது. நின்ற இடத்திலிருந்தே கத்தினேன்.

"உள்ள இன்னும் யாராச்சும் இருக்காங்களா?"

"இருக்காங்க அம்மா!"

இந்தத் தடவை அது மெல்லிய குரல் இல்லை. அத்தனை தொண்டைகளும் ஒன்றாகச் சேர்ந்து சந்தே அதிர்ந்தது. டிரைவர் தானாகவே எஞ்சினை அணைத்தார்.

ரேவதியின் முன்னால் மண்டியிட்டேன். "யாரும்மா உள்ள?"

"பாப்பா மிஸ்." அப்போதுதான் அவளுக்கு அழுகை வெடித்தது. "என் தங்கச்சி. அங்கன்வாடிக்குப் போவமாட்டேன்னு ஓடிப் போயி ஜன்னலாண்ட பூந்துகிச்சு. நான் புடிச்சார போனேன். வெளிய வரதுக்குள்ள கட்டையெல்லாம் வெச்சிட்டாங்க. பாப்பா அழுதுகினே தூங்கிடுச்சு. குழில கீது மிஸ்."

மேஸ்திரிதான் முதலில் ஓடினார். அந்தக் குழந்தை ஒரு தறிக்குழிக்குள், நெய்கிறவர் கால் வைக்கும் இடத்தில், பழைய சாக்கைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்தக் குழியை ஒட்டித்தான் அவர்கள் தட்டப்போகிற சுவர். மேஸ்திரி அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, யாரிடமும் கொடுக்காமல், அப்படியே சந்தில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. ரேவதியின் அம்மாவும் தன் வீட்டுத் தறியிலிருந்து அப்படியே எழுந்து ஓடி வந்தாள். பெரியவளுக்கு முதலில் ஒரு அறை விட்டாள், பிறகு இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். பள்ளியில் காலைச் சிற்றுண்டி சாப்பிட வந்த நேரத்தில் அக்காவும் தங்கையும் உள்ளே போனதை வகுப்பில் பாதிப் பேர் தாழ்வாரத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறார்கள். நான் கேட்காததால் எனக்கு மட்டும் சொல்லவில்லை.

மத்தியானம் வகுப்பில் ரேவதியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டேன். "சத்தம் கேட்டதாலதான் நீ உள்ள இருக்கறத நாங்க நம்பினோம். கெட்டிக்காரி. சுவத்த எதால தட்டின?"

"நான் தட்டல மிஸ். கிளாஸ் நடக்கும்போது தட்டக் கூடாது."

"பாப்பா தட்டிச்சா?"

"பாப்பா தூங்கிக்கினு இருந்துச்சு மிஸ்."

எந்திரம் ஓடிய அதிர்வில் உடைந்த தறிப் பலகை ஏதாவது ஆடி இடித்திருக்கும் என்று மேஸ்திரி பிற்பாடு சொன்னார். இருக்கலாம். ஆனால் பூசணிக்காய் உடைக்கும்போதே சத்தம் கேட்டது என்று டிரைவர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. எந்திரம் அப்போது ஓடவே இல்லையே. அடுத்த கேள்வி என் நாக்கு நுனியில் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். வகுப்பு முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது, அதே காத்திருக்கும் முகத்தோடு. அவர்களுக்குப் பதில் தெரியும் என்று எனக்குத் தோன்றியது. கேட்டால் சொல்லியிருப்பார்கள், உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள். நான் புத்தகத்தைத் திறந்து பாடத்தை ஆரம்பித்துவிட்டேன். இன்றுவரை அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை.

மறுநாளே அந்தச் சார்ட்டைக் கிழித்தெறிந்திருப்பேன் என்று நினைப்பீர்கள். கிழிக்கவில்லை. 'இனிமேல் கேட்காமலே பேசுங்கள்' என்று சொன்னால் பேசுவார்கள், அதுவும் எனக்குக் கீழ்ப்படிவதாகத்தான் இருக்கும். சிரிக்கச் சொன்னால் சிரித்த வகுப்பு அது. சொல்லாமல் வரவேண்டும், அதுதான் எனக்குத் தேவை. ஒரு உயிர் உள்ளே கிடக்கும்போது கேள்விக்குக் காத்திருக்கிற பிள்ளையை நல்ல குடிமகன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நாளைக்கு இவர்கள்தானே ஓட்டுப் போடப் போகிறார்கள், அலுவலகங்களில் உட்காரப் போகிறார்கள், பாலம் கட்டப் போகிறார்கள். அங்கே யார் வந்து சரியான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்?

ஆகவே தினமும் கரும்பலகையில் ஒரு தப்பு எழுத ஆரம்பித்தேன். 'மாட்டுக்கு ஐந்து கால்' என்று எழுதினேன். மணிமணியான கையெழுத்தில் அத்தனை பேரும் எழுதிக்கொண்டார்கள். 'ராத்திரியில் சூரியன் வரும்' என்று எழுதினேன். எழுதிக்கொண்டார்கள். என் பெயரையே தப்பாக எழுதினேன். அதையும் எழுதிக்கொண்டார்கள். வெளியே கொட்டகை இருந்த இடம் வெட்டவெளியாகிவிட்டது. பின்சுவரில் இப்போது எந்தச் சத்தமும் இல்லை. எனக்கு முன்னால் குனிந்த தலைகளும் பென்சில் கீறும் ஓசையும் மட்டும். சில நாள் அந்த அறையில் தனியாக இருப்பது போலவே எனக்குப் பயமாக இருந்தது. இவர்களை இனி மீட்கவே முடியாதோ என்று நினைத்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்திருக்கிறேன்.

அரையாண்டுத் தேர்வு நெருங்கியபோது ஒரு நாள் 'காஞ்சிபுரத்தில் கடல் இருக்கிறது' என்று எழுதிவிட்டு, வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பென்சில் ஓசை கேட்டது. பிறகு ஒரு இடத்தில் மட்டும் அது நின்றது. ரேவதி எழுந்து நின்றாள். காது மடல் வரைக்கும் சிவந்திருந்தது. இரண்டு கையாலும் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கேட்கவில்லை. ஏன் எழுந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மிஸ், அது தப்பு."

ஒரு கையை மட்டும் எடுத்துக் கரும்பலகையைக் காட்டினாள்.

"இங்க கடல் கெடையாது. கோயில் கொளம்தான் கீது. நீங்க தப்பா எழுதிட்டீங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "மாட்டுக்கும் நாலு காலுதான் மிஸ். எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றான். பக்கத்துப் பெண், "தெரியும்னு சொல்றான் மிஸ், ஆனா அஞ்சுன்னுதான் எழுதினான், நான் பாத்தேன்" என்றாள். அவன் அவளைக் கிள்ளினான். அவள் அலறினாள். எங்கள் வீட்டு மாட்டைப் பார்க்க வாருங்கள் என்று ஒன்று கத்தியது. மிஸ்ஸுக்குத் தன் பேரே எழுதத் தெரியவில்லை என்று இன்னொன்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு யாரும் சொல்லாமல் பரவி, யாரும் சொல்லாமல் ஓயவே மாட்டேன் என்றது.

தலைமையாசிரியர் பதறியடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"என்ன டீச்சர், என்ன ஆச்சு? ஏன் இவ்வளவு சத்தம்?"

"பாடம் நடக்குது சார்" என்றேன். முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன்.

அவர் கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்தார். பிறகு, மற்ற வகுப்புகளுக்குத் தொந்தரவாக இருக்குமே, கதவைச் சாத்திவிட்டுப் போகட்டுமா என்று கேட்டார். வேண்டாம் சார், திறந்தே இருக்கட்டும் என்று சொன்னேன்.